ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தேர்வு

ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தேர்வு என்பது பன்னாட்டு ஆங்கில மொழித் தேர்வு முறையின் நான்கு பகுதிகளுள் ஒன்றாகும். கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகியன ஏனைய மூன்று பகுதிகள். இத்தேர்வின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் 'ஐயெல்ட்ஸ்' என ஒரே சொல்லாக ஒலிப்பதே பெருவழக்கு. வாசிப்புத் தேர்வில் 60 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதி, தொழில்முறைப் பதிவு, குடியேற்றம் ஆகியவற்றுக்காக இத்தேர்வு எழுதப்படுகிறது.

இப்பகுதி தேர்வரின் பொது அறிவைச் சோதிப்பதில்லை. தரப்பட்ட உரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறியும் திறனையே அது பெரும்பாலும் சோதிக்கிறது. ஆங்கிலத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்ற பலர் இப்பகுதியில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த புள்ளி பெறுவதற்கு, இவ்வேறுபாட்டை உணராமல் தேர்வுக்குச் செல்வது ஒரு முக்கிய காரணமாகும்.

தோற்றம்

பிரித்தானியக் கவுன்சிலும் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவும் 1980-இல் இ.எல்.டி.எஸ். என்னும் தேர்வை அறிமுகப்படுத்தின. ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனமும் இணைந்தபின், 1989-இல் அது 'பன்னாட்டு' என்னும் அடைமொழியைப் பெற்று இன்றைய பெயரை அடைந்தது. தொடக்க ஆண்டுகளில் அறிவியல் மாணவர்க்கு ஒன்று, உயிரியல் மற்றும் மருத்துவ மாணவர்க்கு ஒன்று, வணிகவியல் மற்றும் சமூக அறிவியல் மாணவர்க்கு ஒன்று எனத் துறைவாரியாக வெவ்வேறு வினாத்தாள்கள் இருந்தன. 1995-இல் இப்பிரிவுகள் நீக்கப்பட்டு, உயர்கல்வி நாடுவோர் அனைவருக்கும் பொதுவான ஒரே வாசிப்புத்தாள் கொண்டுவரப்பட்டது. பொறியியல் மாணவர் ஒருவர் பறவைகளின் வலசை பற்றியும், செவிலியர் ஒருவர் பண்டைய கண்ணாடித் தொழில் பற்றியும் படிக்க நேர்வது இதனாலேயே.

இந்தியாவில் நெடுங்காலம் இரு நிறுவனங்கள் இத்தேர்வை நடத்தின. 2021-இல் பிரித்தானியக் கவுன்சில் தன் இந்தியத் தேர்வுப் பணியை ஐ.டி.பி.யிடம் விற்றது.

அமைப்பு

இத்தேர்வில் இரு வகைகள் உள்ளன. உயர்கல்விக்குரிய வகையில் மூன்று நீண்ட உரைப்பகுதிகள் இடம்பெறும். அவை நூல்கள், ஆய்விதழ்கள், பருவ இதழ்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுபவை. மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை அமையும். பொதுப் பயிற்சி வகையில் முதல் பிரிவில் அறிவிப்பு, விளம்பரம் போன்ற சிறு உரைகளும், இரண்டாம் பிரிவில் பணியிடம் சார்ந்த உரைகளும், மூன்றாம் பிரிவில் நீண்ட உரை ஒன்றும் இருக்கும்.

கேட்டல் தேர்வைத் தாள்வழி எழுதுவோருக்கு விடைகளைப் படியெடுக்க இறுதியில் 10 நிமிடங்கள் தரப்படும். வாசிப்புத் தேர்வில் அச்சலுகை இல்லை. விடைகளை 60 நிமிடங்களுக்குள்ளேயே விடைத்தாளில் எழுதிவிட வேண்டும். வினாத்தாளின் ஓரத்தில் விடைகளைக் குறித்துவைத்து, பின்னர் மொத்தமாகப் படியெடுக்கலாம் என்று எண்ணி நேரத்தை இழப்போர் உண்டு. கணினிவழித் தேர்வில் இச்சிக்கல் எழுவதில்லை. அதில் திரையின் ஒருபுறம் உரையும் மறுபுறம் வினாக்களும் தோன்றும். வேண்டிய வரிகளை வண்ணமிட்டுக் கொள்ளவும் இயலும்.

புள்ளியிடல்

சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எந்த வினாவையும் வெறுமையாக விடுவதில் பயனில்லை. 40-க்குப் பெற்ற மதிப்பெண் பின்னர் 'பேண்ட்' எனப்படும் 9 வரையிலான தரப்புள்ளியாக மாற்றப்படுகிறது. உயர்கல்வி வகையில் ஏறத்தாழ 15 சரியான விடைகளுக்கு 5, 23-க்கு 6, 30-க்கு 7, 35-க்கு 8 எனத் தரப்புள்ளி அமையும். பொதுப் பயிற்சி வகையின் உரைகள் எளியவை என்பதால் அளவுகோல் கடுமையானது. அதில் 23-க்கு 5, 30-க்கு 6, 34-க்கு 7 என்பதே பொதுவான கணக்கு. வினாத்தாளின் கடினத்துக்கு ஏற்ப இவ்வெண்கள் ஒன்றிரண்டு மாறும்.

இக்கணக்கின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஐக்கிய இராச்சியத்தில் செவிலியராகப் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டவர் இத்தேர்வின்வழி விண்ணப்பித்தால், வாசிப்பில் 7 பெற்றிருக்க வேண்டும். எழுத்துப் பகுதிக்கு மட்டும் 2018-இல் இவ்வரம்பு 6.5 ஆகத் தளர்த்தப்பட்டது. வாசிப்புக்குத் தளர்வு இல்லை. 30 விடைகள் சரியாக இருந்தால் 7 கிடைக்கும். 29 எனில் பொதுவாக 6.5. மொத்தச் சராசரி எவ்வளவு உயர்வாக இருந்தாலும் ஒரே ஒரு வினா பதிவைத் தள்ளிப்போட வல்லது. கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்தில் 9 ஆம் மொழிப் படிநிலையை எட்ட வாசிப்பில் 7 தேவை. அது பொதுப் பயிற்சி வகை என்பதால் ஆறு வினாக்களுக்கு மேல் தவறவிட இடமில்லை.

காலமும் வேகமும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வளர்ந்தோர் புனைவல்லாத உரைகளை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் எனப் பெல்சிய ஆய்வாளர் மார்க் பிரைசுபார்ட் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். இவ்வேகத்தில் 2,750 சொற்களை வாசிக்க ஏறத்தாழ 12 நிமிடங்கள் போதும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் பயின்ற ஒருவர் நிமிடத்துக்கு 120 சொற்கள் வாசிப்பவராயின் 23 நிமிடங்கள் ஆகும். எஞ்சிய 37 நிமிடங்களை 40 வினாக்களுக்குப் பகிர்ந்தால் வினா ஒன்றுக்கு 55 நொடிகளே கிடைக்கும். வினாவை வாசிப்பது, உரையில் இடத்தைத் தேடுவது, மீண்டும் வாசிப்பது, விடை எழுதுவது ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்நெருக்கடியே, உரையை வாசிக்காமல் வினாவிலுள்ள சொற்களை மட்டும் தேடிச் செல்லுமாறு பல பயிற்சி நிலையங்கள் அறிவுறுத்தக் காரணம். இவ்வறிவுரை பாதி மட்டுமே சரியானது. பெயர்கள், ஆண்டுகள், எண்கள் ஆகியவற்றை இவ்வாறு தேடிப் பிடிக்கலாம். கருத்தைக் கேட்கும் வினாக்களில் இம்முறை தோல்வியுறும். உரையின் போக்கை அறியாதவர் ஒவ்வொரு வினாவுக்கும் முதல் வரியிலிருந்து தேட நேரிடும். ஒவ்வொரு உரையையும் இரண்டு மூன்று நிமிடங்களில் மேலோட்டமாக வாசித்து, எந்தப் பத்தியில் எது உள்ளது என மனத்தில் ஒரு வரைபடம் அமைத்துக்கொண்ட பின் வினாக்களுக்குச் செல்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். மூன்றாம் உரை பொதுவாகக் கடினமானது. ஆதலால் உரைக்கு 20 நிமிடங்கள் எனச் சமமாகப் பிரிப்பதைவிட, முதல் உரையை 15 முதல் 17 நிமிடங்களில் முடித்து மீதத்தைப் பின்னதற்குச் சேமிப்பது நன்று.

'பொய்', 'தரப்படவில்லை' ஆகியவற்றின் வேறுபாடு

தேர்வர் மிகவும் தடுமாறும் வினா வகை இதுவே. சில கூற்றுகள் தரப்படும். உரையோடு பொருந்தினால் 'மெய்' எனவும், உரைக்கு முரணாயின் 'பொய்' எனவும், உரையில் அச்செய்தி இல்லையெனில் 'தரப்படவில்லை' எனவும் எழுத வேண்டும். ஆசிரியரின் கருத்தைக் கேட்கும் இதன் இணை வகையில் 'ஆம்', 'இல்லை', 'தரப்படவில்லை' என விடைகள் அமையும்.

பின்வரும் சிறு உரையைக் கருதலாம்:

"1928-இல் இலண்டனின் புனித மேரி மருத்துவமனையில், தட்டு ஒன்றில் வளர்ந்திருந்த பூஞ்சை தன்னைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்களை அழித்திருப்பதை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். அப்பூஞ்சை சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டார். எனினும் அதனை நிலைத்து நிற்கும் மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் ஆக்சுபோர்டில் ஓவார்டு புளோரியும் எர்ன்சுட்டு செயினும் அப்பணியை மேற்கொண்டனர்."

இதன்மீது நான்கு கூற்றுகள்: ஒன்று, பாக்டீரியாக்களை அழித்த பொருளுக்குப் பிளெமிங்கே பெயர் சூட்டினார். இரண்டு, பெனிசிலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் பிளெமிங் வெற்றி கண்டார். மூன்று, பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். நான்கு, பூஞ்சை அத்தட்டில் தற்செயலாக வளர்ந்தது.

முதலாவது மெய். இரண்டாவது பொய், உரை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. மூன்றாவது உலகறிந்த உண்மை: அம்மூவருக்கும் 1945-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் இங்கு விடை 'தரப்படவில்லை' என்பதே, ஏனெனில் உரை பரிசைப் பற்றிப் பேசவில்லை. நான்காவதும் அவ்வாறே. பெனிசிலின் கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்த எவரும் 'தற்செயல்' என்றே நினைவில் வைத்திருப்பர். உரையோ பூஞ்சை வளர்ந்திருந்தது என்பதை மட்டும் கூறுகிறது. எவ்வாறு வந்தது எனக் கூறவில்லை. அறிவியல் பட்டதாரிகள் அறிவியல் உரைகளில் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஐயம் எழும்போது ஒரு சோதனை உதவும். கூற்று உண்மை என வைத்துக்கொண்டால் உரையின் ஏதேனும் ஒரு வரி தவறாகிவிடுமா எனப் பார்க்க வேண்டும். தவறாகுமெனின் விடை 'பொய்'. கூற்று உண்மையானாலும் பொய்யானாலும் உரை அப்படியே நிற்குமெனின் விடை 'தரப்படவில்லை'. மேலேயுள்ள உரையில் பூஞ்சை தற்செயலாக வந்தாலும், வேண்டுமென்றே வளர்க்கப்பட்டிருந்தாலும், எந்த வரியும் மாறத் தேவையில்லை.

இவ்வகை வினாக்கள் பொதுவாக உரையின் வரிசையிலேயே அமைகின்றன. நான்காம் வினாவுக்கும் ஆறாம் வினாவுக்கும் உரிய இடங்கள் தெரிந்துவிட்டால் ஐந்தாம் வினாவின் இடம் அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும். அங்கு எதுவும் இல்லையெனின் மேலும் தேடாமல் 'தரப்படவில்லை' என எழுதிவிட்டு நகரலாம். இல்லாத ஒன்றைத் தேடிக் கழியும் நிமிடங்களே இவ்வினா வகையின் உண்மையான விலை.

அளவுச் சொற்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. உரை 'பெரும்பாலான' எனக் கூற, கூற்று 'எல்லா' எனக் கூறினால் பொருள் மாறிவிடுகிறது. 'கூடும்' என்பதும் 'ஆகும்' என்பதும் ஒன்றல்ல. 'அண்மைக்காலம் வரை நம்பப்பட்டது' என்னும் தொடர், அந்நம்பிக்கை இன்று மாறிவிட்டது என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.

சொல்மாற்றம்

வினாவும் உரையும் ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் கூறுவது இத்தேர்வின் அடிப்படை உத்தியாகும். உரையில் 'மக்கள்தொகை பாதியாகச் சுருங்கியது' என இருந்தால் வினாவில் 'குடியிருப்போர் எண்ணிக்கை 50 விழுக்காடு குறைந்தது' என வரும். வினாவிலுள்ள அதே சொல் உரையில் பளிச்செனத் தென்படுமிடத்தில் எச்சரிக்கை தேவை. பல்விடைத் தெரிவு வினாக்களில் தவறான தெரிவுகள் உரையின் சொற்களை அப்படியே ஏந்தி நிற்பதுண்டு. வினைச்சொல் பெயர்ச்சொல்லாவதும், செய்வினை செயப்பாட்டுவினையாவதும், எதிர்ச்சொல்லோடு எதிர்மறை சேர்ந்து வருவதும் இம்மாற்றத்தின் வழக்கமான வடிவங்கள்.

பிற வினா வகைகள்

பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் வினாக்களில் பத்தியின் ஒரு விவரத்தை மட்டும் குறிக்கும் தலைப்புகள் பொறியாக வைக்கப்படும்; பத்தி முழுவதையும் தழுவும் தலைப்பே விடை. எந்தச் செய்தி எந்தப் பத்தியில் உள்ளது எனக் கேட்கும் வினாக்கள் உரையின் வரிசையைப் பின்பற்றாதவை. அவற்றை அவ்வுரையின் இறுதி வேலையாக வைத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனெனில் ஏனைய வினாக்களுக்காக வாசித்தபோதே பாதி விடைகள் கண்ணில் பட்டிருக்கும்.

வாக்கியம், சுருக்கம், அட்டவணை, வரைபடம் ஆகியவற்றை நிரப்பும் வினாக்களில் சொல் வரம்பு தரப்படும். 'இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்' என்றிருக்க மூன்று சொற்கள் எழுதினால், கருத்து சரியாயினும் மதிப்பெண் இல்லை. எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் இல்லை. விடைக்குரிய சொல் பெரும்பாலும் உரையிலேயே கண்முன் இருப்பதால், பிழையாகப் படியெடுத்து மதிப்பெண் இழப்பது இத்தேர்வில் மிகவும் வருந்தத்தக்க இழப்பாகும்.

சொல்வளம்

உத்திகளை மட்டும் கற்று வாசிப்பில் உயர் புள்ளி பெறலாம் என்பது மிகையான நம்பிக்கை. அயல்மொழி வாசிப்பில் ஏற்படும் இடர் வாசிப்புத் திறன் சார்ந்ததா, மொழியறிவு சார்ந்ததா என்னும் வினாவைப் பிரித்தானிய மொழியியலாளர் சார்லசு ஆல்டர்சன் 1984-இல் எழுப்பினார். மொழியறிவு குறிப்பிட்ட ஒரு வரம்பை எட்டும் வரை, தாய்மொழியில் கைவந்த வாசிப்புத் திறன் முழுமையாகத் துணைக்கு வராது என்பது பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது.

உரையொன்றைத் துணையின்றிப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் எனவும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை எனவும் நியூசிலாந்தின் பால் நேசன் 2006-இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்த தொகுதி. 900 சொற்கள் கொண்ட உரையில் 98 விழுக்காடு தெரிந்தவருக்கு 18 இடங்களில் மட்டும் அறியாச் சொல் வரும். 95 விழுக்காடு தெரிந்தவருக்கு 45 இடங்களில் வரும். முன்னவர் சூழலைக்கொண்டு பொருளை ஊகிக்கலாம். பின்னவருக்குச் சூழலே தெளிவாக இராது.

இத்தொகையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அதே நாட்டின் அவெரில் காக்சுகெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே உள்ளன. அவர் ஆராய்ந்த கல்விசார் உரைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அவை நிரப்பின. 'சிக்னிஃபிகண்ட்', 'அஸ்யூம்', 'ஹைப்பாதெசிஸ்' போன்றவை அப்பட்டியலைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 10 குடும்பங்கள் வீதம் இரு மாதங்களில் இதனை ஒருமுறை முடிக்கலாம். துறைசார் கலைச்சொற்களை இத்தேர்வுக்காக மனப்பாடம் செய்வது வீண். அத்தகைய சொல்லுக்கு உரையிலேயே விளக்கமோ, வினாத்தாளில் சிறு சொற்பொருளோ தரப்படுவதுண்டு.

தமிழ் வாசகர் எதிர்கொள்ளும் இடர்கள்

தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னர் வரும். 'நேற்று வந்த மாணவர்' என்பதில் விளக்கம் முடிந்த பின்னரே மாணவர் தோன்றுகிறார். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து, 'ஹூ', 'விச்' முதலிய சொற்களால் தொடங்கும் விளக்கம் பின்னர் வரும். ஆய்வுநடை உரைகளில் எழுவாய்க்கும் அதன் பயனிலைக்கும் நடுவே பத்து, பதினைந்து சொற்கள் கொண்ட விளக்கம் நுழைந்துவிடும். இடையில் வரும் வினைச்சொல்லை முதன்மை வினையாகக் கொண்டுவிடுவோர் வாக்கியத்தின் பொருளைத் தவறவிடுவர். நீண்ட வாக்கியங்களில் எழுவாயையும் முதன்மை வினையையும் மட்டும் அடிக்கோடிட்டுப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி.

'ஃபியூ', 'அ ஃபியூ' என்னும் இரண்டையும் தமிழில் 'சில' என்றே பலர் கொள்கின்றனர். பின்னது 'சில உள்ளன' எனவும், முன்னது 'மிகச் சிலவே' எனவும் பொருள்படும். ஒன்று இருப்பையும் மற்றது இன்மையையும் வலியுறுத்துகிறது. 'ஹார்ட்லி' என்பது 'கடினமாக' என்னும் பொருளுடையதன்று. 'அரிதாகவே' என்னும் எதிர்மறைச் சாயல் கொண்டது. மேற்கண்ட மெய், பொய் வினாக்களில் இத்தகைய ஒரு சொல்லே விடையைத் தீர்மானித்துவிடும்.

பயிற்சி முறை

கேம்பிரிட்சு பதிப்பகம் 1996 முதல் வெளியிட்டுவரும் மாதிரித் தேர்வுத் தொகுதிகள் உண்மையான வினாத்தாளுக்கு மிக நெருக்கமானவை. ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு முழுத் தேர்வுகள் உள்ளன. ஒரு தேர்வை ஒருமுறையே பயனுடன் எழுத இயலும். இரண்டாம் முறை நினைவாற்றலே விடையளிக்கும். ஆதலால் முதல் வாரத்திலேயே அவற்றை வரிசையாக எழுதித் தீர்ப்பது சிக்கனமற்ற செயல்.

தொடக்கத்தில் கடிகாரத்தை ஒதுக்கிவைத்துப் பயில்வது நல்லது. விடை ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரியை உரையில் சுட்ட இயல வேண்டும்; சுட்ட இயலாத விடை சரியாக அமைந்தாலும் அது ஊகமே. காலக் கட்டுப்பாடின்றி எழுதியும் 40-க்கு 25 மட்டுமே சரியாகும் ஒருவருக்குத் தேவைப்படுவது வேகம் அன்று, மொழி. அவர் நாள்தோறும் ஆங்கிலக் கட்டுரைகளை வாசிப்பதிலேயே சில மாதங்களைச் செலவிட வேண்டும். காலமின்றி 36 பெற்று, காலத்துடன் 27 மட்டும் பெறுபவருக்கே உத்தியும் வேகப்பயிற்சியும் உடனடிப் பலன் தரும். இவ்விரு நிலைகளையும் பிரித்தறியாமல் அனைவருக்கும் ஒரே பயிற்சியை அளிப்பது வணிகப் பயிற்சி வகுப்புகளின் பொதுவான குறையாகும்.

எழுதிய தேர்வைத் திருத்துவது, எழுதுவதைவிடக் கூடுதல் நேரம் எடுக்க வேண்டிய வேலை. பிழைக்குக் காரணம் அறியாச் சொல்லா, தவறான பத்தியா, சொல் வரம்பை மீறியதா, சொந்த அறிவைக் கலந்ததா என ஒரு குறிப்பேட்டில் வகைப்படுத்தி எழுதிவந்தால், நான்கைந்து தேர்வுகளுக்குள் ஒரே வகைப் பிழை மீண்டும் மீண்டும் வருவது தெரியவரும். வினாவின் தொடரையும் அதற்கு இணையான உரைத் தொடரையும் அருகருகே எழுதிவைப்பது சொல்மாற்றத்தை அடையாளம் காணப் பழக்கும். தேர்வு கணினிவழி எனில் பயிற்சியின் பிற்பகுதியையாவது திரையில் செய்வது நன்று.

விமர்சனங்கள்

இத்தேர்வு பல்கலைக்கழக வாசிப்பை உள்ளபடி பிரதிபலிக்கிறதா என்பது விவாதத்துக்குரியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டிம் மூர், சேன் மார்ட்டன், சுடீவ் பிரைசு ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு வினாக்களையும் பல்கலைக்கழகப் பாடப்பணிகளையும் ஒப்பிட்டனர். தேர்வு வினாக்கள் பெரும்பாலும் உரையின் சிறு பகுதியை நேர்ப்பொருளில் புரிந்துகொள்வதையே கேட்கின்றன எனவும், பல்கலைக்கழகமோ பல நூல்களை ஒப்பிட்டு மதிப்பிடுவதையும் எதிர்பார்க்கிறது எனவும் அவர்கள் கண்டனர். வாசிப்பில் 7 பெற்றுச் சென்ற மாணவர் முதற்பருவத்தில் பாடநூல்களோடு போராடுவது இதனால் வியப்பன்று. மறுபுறம், உரை சொல்லாததை அதன்மேல் ஏற்றிக் கூறாமலிருக்கும் பழக்கம் ஆய்வுக்கும் இன்றியமையாதது என்பது தேர்வை ஆதரிப்போர் கூறத்தக்க வாதம்.

முடிவும் மறுதேர்வும்

தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நிலைப்பாடு. நான்கு பகுதிகளின் சராசரி அருகிலுள்ள அரைப்புள்ளிக்குச் சீராக்கப்படும், 6.25 என்பது 6.5 ஆகவும், 6.75 என்பது 7 ஆகவும் உயரும். ஒரு பகுதியில் மட்டும் குறைந்தவர்கள் முன்னர் முழுத் தேர்வையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 2022-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி வேறு நாடுகளுக்கும் பரவிய ஒருதிறன் மறுதேர்வு, கணினிவழி எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் அப்பகுதியை மட்டும் மீண்டும் எழுத வழிசெய்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் குடியேற்ற அலுவலகங்களும் அதனை ஏற்பதில்லை. கட்டணம் செலுத்தும் முன்னர் உரிய நிறுவனத்தின் விதியை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.